ராஜாத்திக்கு ஒரு மறைப்பு

ராஜாத்தி கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாட்சி சொல்லும்போது இளஞ்செழியன் முகம் தெரியக் கூடாது. மோட்டார் கொட்டகையில் தன்னைப் பலவந்தம் செய்தவனைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

வக்கீல் ஜாஸ்லின் மனுப் போட்டு உத்தரவும் வாங்கிவிட்டாள். போன வாரமே ஆளில்லாத கோர்ட்டுக்குக் கூட்டிவந்து, "இங்க உக்காருவீங்கக்கா. நடுவுல திரை இருக்கும். முடியலைன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடுவாங்க" என்று காட்டினாள். போலீஸ், ஆஸ்பத்திரி என்று இரண்டு வருஷமாக எத்தனையோ பேர் என்ன நடந்தது என்று கேட்டாயிற்று. என்ன வேண்டும் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

இன்று வந்து பார்த்தால் திரையைக் காணோம். பொங்கல் விழாவுக்குப் போனது திரும்பவில்லையாம். கோர்ட்டு ஊழியர் வீரையன் சளைத்தவரா? கோர்ட்டுக்கு எதிரே நெல் மூட்டைகளை மூடியிருந்த பிளக்ஸ் பேனர் ஒன்றை உருவிவந்து, இரண்டு பீரோவுக்கு நடுவே ஜோராகக் கட்டிவிட்டார்.

ராஜாத்தி உட்கார்ந்து நிமிர்ந்தாள். பிளக்ஸில் எட்டடி உயரத்தில் இளஞ்செழியன் கைகூப்பிச் சிரித்தான். 'மகளிர் தின வாழ்த்துகள். இவண்: உங்கள் வீட்டுப் பிள்ளை.' மூக்கில் ஒரு நெல்மணி வேறு ஒட்டியிருந்தது.

அவள் கை தானாக மேலே போனது.

"என்னங்க இது?" ஜாஸ்லின் கத்தினாள்.

"அந்தப் பக்கம் எலி மூத்திரக் கறைங்க மேடம்" என்றார் வீரையன். "இந்தப் பக்கம் மகளிர் தினம்னு போட்டிருந்துச்சு. கேஸுக்குப் பொருத்தமா இருக்குமேன்னு..."

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதிரி வெளியிலதானே நிக்கிறாரு? வேற தேதிக்குத் தள்ளி வச்சிரலாமா?"

ஏற்கெனவே இரண்டு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் ராஜாத்திக்கு ஒரு மாதத் தூக்கம் போனது. ஜாஸ்லின் அவள் பக்கம் குனிந்தாள். "நீங்க சொல்லுங்கக்கா. எதுன்னாலும் சரி."

ராஜாத்தி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். பயம் வரும் என்று நினைத்த இடத்தில் ஆத்திரம் வந்தது.

"திருப்பிக் கட்டச் சொல்லுங்க."

"கறை இருக்கேக்கா."

"இருந்துட்டுப் போவுது. அவன் மூஞ்சிய அவனே பாத்துக்கிட்டு உக்காரட்டும்."

வீரையன் திருப்பிக் கட்டினார். இளஞ்செழியனைக் கூப்பிட்டார்கள். கறைக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வந்தது, சட்டென்று நின்றது.

"அம்மா, நான் வேற பக்கம் உக்காரலாமுங்களா?" இளஞ்செழியன் கேட்டான்.

"உங்க இடம் அதான். உக்காருங்க" என்றார் ஜட்ஜம்மா.

தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை என்பது அப்போதுதான் ராஜாத்திக்குத் தெரிந்தது. இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, பேச ஆரம்பித்தாள்.