தொட்டி மூடியின் சத்தம்

குடியை விட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களின் வீடு தேடிப் போவதுதான் அவள் வேலை. உட்கார்ந்து பேச வேண்டும், குழந்தையோடு விளையாட வேண்டும். கேட்காமல் எதையும் திறக்கக் கூடாது. 'நாம் போலீஸ் இல்லை' என்று சேர்ந்த அன்றே அலுவலக மேடம் சொல்லிவிட்டார்.

அன்று அவர்களில் ஒருத்தியான தையல்காரியின் வீடு பளிச்சென்று இருந்தது. வயிறு நிறைந்த குழந்தை துணிக்குவியல் மேல் தூங்கியது. சந்தோஷப்பட வேண்டியவளுக்குச் சந்தேகம் வந்தது. அவள் பிறந்த வீட்டில், எதையாவது ஒளித்த அன்றுதான் இப்படிப் பெருக்கித் துடைப்பார்கள்.

"பாத்ரூம் போய்ட்டு வந்துடறேங்க்கா."

தாழ்ப்பாள் போட்டதும் கை தானாக ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கியது. உள்ளே வெறும் தண்ணீர். திரும்ப வைக்கும்போது பீங்கான் மோதி 'ணங்'கென்றது.

வெளியே தையல் மெஷின் நின்றது.

"என்ன, கெடச்சுதா?" என்றாள் தையல்காரி, அவள் வெளியே வந்ததும்.

"இல்லக்கா... தண்ணி வரலையேன்னு..."

"புளுகாத. அந்த மூடிய நான் தூக்காத தூக்கா? சத்தமில்லாம வைக்கவே தனித் திறமை வேணும். காலேஜ்ல இதுக்கும் பாடம் இருக்கா?"

முகம் பற்றி எரிந்தது. "எங்கப்பா பாட்டில அங்கதான்க்கா ஒளிச்சு வைப்பாரு."

தையல்காரி சிரிக்கவில்லை. "ஒங்கப்பன் குடிச்சதுக்கு என் வீட்ட சோதனை போடுவியா? நீ ஒருத்திதான் என்னை நம்பறேன்னு நெனச்சேன். வேணாம்னா நீங்க வர்றத நிறுத்திக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமாக்கா." தான் வருவது நின்றுவிட்டால் இந்த வீட்டுப் படியேற வேறு நாதியில்லை. அதைக் கெடுத்தது தன் கைதான்.

"நான் தப்பு பண்ணப்போ நாலு பேர் முன்னாடி ஒத்துக்கச் சொன்னீங்கள்ல? நீயும் ஒங்க மேடம்கிட்ட சொல்லு. ஏன் தூக்கினேன்னும் சேத்துச் சொல்லு. அப்புறம் வா, கதவத் திறக்கறேன்."

அப்பாவுக்குச் சர்க்கரை என்றுதான் அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மாத்திரைப் பெயர்கூட மனப்பாடம்.

மாடிப்படியில் நின்று மேடத்துக்குப் போன் செய்தாள்.

"சொல்லும்மா. அப்பாவுக்கு முடியலையா?"

அந்தக் கனிவு செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு இப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். கதவுக்குப் பின்னால் மெஷின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை.

"அப்பாவுக்குச் சர்க்கரை இல்ல மேடம்" என்றாள், கதவுக்குள்ளும் கேட்கிற மாதிரி.