தோர்மினா என்று எழுதிய பலகை

ரோமானியர்களின் புத்தியோலி துறைமுகத்து அடிமைச் சந்தையில் பலகை எழுதுவது என் வேலை. விலைக்கு நிற்பவரின் பெயர், ஊர், நோய் மூன்றையும் எழுதிக் கழுத்தில் மாட்டுவேன். நோயை மறைத்து விற்றால் வாங்கியவர் ஆளைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடலாம், சட்டம் அப்படி. நானும் அந்த மேடையில் பலகையோடு நின்றவன்தான். இப்போதெல்லாம் எனக்கு எதுவும் உறைப்பதில்லை.

அன்று விலைக்கு நின்றவர்களில் ஸோஸிமே என்பவளும் அவள் மகள் மெலிட்டாவும் இருந்தார்கள். மெலிட்டாவுக்கு எட்டு வயது. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

"வெர்மினான்னு எழுதுடா," என்றார் எசமான் வாட்டியஸ். பூச்சி வலி. எந்தப் பிள்ளைக்குத்தான் வயிற்றில் பூச்சி இல்லை? அதற்காக யாரும் வேண்டாமென்று போகமாட்டார்கள்.

அவர் நகர்ந்ததும் ஸோஸிமே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, சுரங்கத்துக்காரன் நேத்தே புள்ளையோட பல்லைப் புடிச்சுப் பாத்துட்டான். குழிக்குள்ள நுழைய சின்ன உடம்பா வேணுமாம். பெரிய வியாதியா எழுதிடுண்ணே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

தோர்மினா என்று எழுதினேன். குடலை முறுக்கி ஆளையே கொல்கிற வலி. இரக்கப்பட்டு எழுதினேன் என்றால் பொய். அவள் கையை விட்டால் போதும் என்றிருந்தது.

சுரங்கத்துக்காரன் படித்தான். "இது வழியிலேயே மண்டையப் போட்டுடும்," என்று போய்விட்டான்.

மதியம் ஒரு பண்ணைக் காரியக்காரன் நெசவுக்கு ஆள் தேடி வந்தான். ஸோஸிமேயைப் பிடித்துப்போயிற்று. அவள் அவன் காலில் விழுந்தாள்.

"எம் புள்ளையையும் கூட்டிட்டுப் போங்கய்யா!"

"கூட்டிட்டுப் போலாந்தான். தோர்மினான்னுல்ல போட்டிருக்கு? செத்துத் தொலைஞ்சா எசமானியம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"வெறும் பூச்சிதாங்கய்யா!"

"பூச்சின்னா பரவால்ல." அவன் என் பக்கம் திரும்பினான். "ஏம்ப்பா, நீதானே எழுதின?"

எசமான் பத்தடி தள்ளி வேறு பேரத்தில் இருந்தார். உண்மை அவர் காதில் விழுந்தால் என் தோலை உரித்துவிடுவார்.

"பாத்துத்தாங்கய்யா எழுதினேன்," என்றேன்.

ஸோஸிமே என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம். அவளை மட்டும் வண்டியில் ஏற்றினார்கள்.

சாயங்காலம் எசமான் பலகையைப் பார்த்துவிட்டார். எதற்குப் பயந்து வாயை மூடினேனோ, அந்த அடி விழுந்தது. பெரிதாக வலிக்கவில்லை. பலகையைச் சுரண்டி வெர்மினா என்று எழுதினேன்.

மறுநாள் சுரங்கத்துக்காரனை எசமானே கூப்பிட்டுப் பலகையைக் காட்டினார். "எழுதுறவன் தப்பா எழுதிட்டான், வெறும் பூச்சிதான்," என்றார். அவன் மெலிட்டாவின் கையைப் பிடித்தான்.

"அம்மா போன எடத்துக்கா, மாமா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"ஆமா கண்ணு," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அவனோடு போனாள்.