ஒரே அகலத்தில் வெட்டிய கட்டைகள்

இசைக்குழுவில் பதினைந்து வருஷமாக டிரம்ஸ் அடித்தவளுக்கு மரிம்பா என்றாலே இளக்காரம். வரிசையாக அடுக்கிய மரக்கட்டைகள், கீழே குழாய்கள், தட்டுவதற்கு நூல் சுற்றிய குச்சிகள். பொம்மைக் கடையில் இருக்க வேண்டியது என்பாள். அதை வாசித்தவர் வேறு ஊருக்குக் குடிபோனதும் குழுத் தலைவர் அவளைத்தான் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வேண்டாவெறுப்பாகக் கடைசிக் கட்டையில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த நாதம் அடிவயிறு வரைக்கும் இறங்கியது. அவ்வளவுதான், ஆள் கவிழ்ந்துவிட்டாள்.

சனிக்கிழமைக் கச்சேரியில் மரிம்பா தனித்து ஒலிக்கும் பாட்டு ஒன்று இருந்தது. அதைத் தனக்கே தரச் சொல்லி நச்சரித்தாள். வியாழக்கிழமை ஒத்திகையில் பிசகாமல் வாசித்தால் அவளுக்கு, இல்லாவிட்டால் டிரம்ஸும் மரிம்பாவும் வாசிக்கத் தெரிந்த ஒரு வெளியாளுக்கு என்று சொல்லிவிட்டார் தலைவர்.

வாத்தியமோ அரங்கத்தை விட்டு நகராது. தையற்காரரான கணவன்தான் கைகொடுத்தான். அட்டையில் கட்டைகளை வெட்டிச் சாப்பாட்டு மேசைமேல் வரிசையாக ஒட்டினான். பத்து நாள் குடும்பமே தட்டைக் கையில் ஏந்தி நின்றபடி சாப்பிட்டது. அம்மாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தாள். கைக்கு இரண்டாக நான்கு குச்சிகளோடு, கண்ணை மூடிக்கொண்டே தாவும் அளவுக்கு இவள் தேறிவிட்டாள்.

வியாழன் காலை ஒத்திகையில் மேல்ஸ்தாயி அமர்க்களமாகப் போனது. இடப்பக்கம் கீழ்ஸ்தாயிக்குத் தாவினாள், பக்கத்துக் கட்டை அலறியது. மறுபடி தாவினாலும் அதே கட்டைதான். தலைவர் பெருமூச்சு விட்டார். மதியம் இன்னொரு தடவை கேட்பதாகவும், எதற்கும் வெளியாளிடம் பேசி வைப்பதாகவும் சொன்னார்.

அவள் போனில் அழுததைக் கேட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு கணவன் ஓடிவந்தான். அளந்து பார்த்தான். உச்சிக் கட்டை நான்கு சென்டிமீட்டர் அகலம், அடிக்கட்டை ஏழு. அவன் முகம் விழுந்துவிட்டது.

"எல்லாத்தையும் ஒரே அகலத்துல வெட்டித் தொலைச்சிட்டேன்."

தினமும் அதைப் பார்த்தவளுக்கும் அது உறைக்கவில்லையே! ஆனால் அவளுக்குக் கோபம் வரவில்லை, புது உற்சாகம்தான் வந்தது. டிரம்ஸில் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மேசையிலும் அப்படியே இருந்ததால் கால் அசைந்ததே இல்லை. இதற்கோ நடக்க வேண்டும். குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளை முழுக்க வெறுங்கையோடு இடமும் வலமும் நடந்து பழகினாள். வயலின்காரர்கள் நாட்டியமா என்று கேலி செய்தார்கள். செய்யட்டும்.

மதியம் அந்த இடம் வந்தது. ஓர் எட்டு இடப்பக்கம் வைத்தாள். நான்கு குச்சிகளும் சரியாக இறங்கின. அரங்கமே அதிர்ந்தது. கேலி செய்தவர்களே வில்லைத் தட்டிப் பாராட்டினார்கள். தலைவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார்.

"வெளியாள் வேண்டாம்னு சொல்லிடறேன்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. குச்சிகளைக் கையிலிருந்து விடவில்லை.

"வரச் சொல்லுங்க சார். இனிமே டிரம்ஸை அவர் பார்த்துக்கட்டும்."