பொட்டு வச்ச குடுவை

"கழுவுன்னா கழுவு ராஜவ்வா! எதுக்கு இவ்ளோ வாதம்?"

"கழுவ மாட்டேன் மேடம். ஆயிரம் குடுவை குடுங்க, பளபளன்னு கழுவித் தர்றேன். இத மட்டும் மாட்டேன்."

"இது லேபா, கோயிலா? மஞ்சள் குங்குமம் அப்பி லாக்கர்ல பூட்டி வச்சிருக்க. ஆடிட்காரங்க பாத்தா யார கேப்பாங்க? என்னைத்தான."

"சாமிக்கு வச்சத தண்ணில போட்டா என் கை விளங்காம போயிடும்."

"உன் கைக்கு ஒண்ணும் ஆகாது. என் ஏழு வருஷம்தான் விளங்காம போகப்போகுது!"

கடைசியா சொன்னது கோவத்துல சொன்னதில்ல, அழுகைய அடக்கிட்டு சொன்னது. கதவுக்கு இந்தப் பக்கம் என் டேபிள், அதனால எல்லாம் காதுல விழுந்துச்சு. ஹைதராபாத்ல மருந்து கண்டுபிடிக்கற கம்பெனி ஒண்ணுல லேப் ரெக்கார்டு பாக்கறவன் நான். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. மேடம்னா சுவர்ச்சலா மேடம், சீனியர் கெமிஸ்ட். ராஜவ்வா குடுவை கழுவறவங்க, எனக்கு முன்னாடியே வேலைக்கு வந்தவங்க.

மேடம் ஏன் அப்படி சொன்னாங்கன்னா, ஏழு வருஷமா அவங்க செஞ்சிட்டிருக்கறது அரிவாள் செல் நோய்க்கான மருந்து. ஆதிலாபாத் பக்கம் கோண்டு பழங்குடி ஜனங்க நடுவுல அந்த நோய் நெறைய. ரத்த அணு அரிவாள் மாதிரி வளைஞ்சு குழாய அடைச்சிக்கும். வலி வந்தா குழந்தைங்க துடிச்சுப் போயிடும். ஒருதரம் மேடம் அந்தப் பக்கம் உட்னூர்ங்கற ஊருக்குப் போய் அத நேர்லயே பாத்துட்டு வந்தாங்க. மிருகங்களுக்குக் குடுத்துப் பாத்தாச்சு, நல்லா இருக்கற ஆளுங்களுக்கும் குடுத்துப் பாத்தாச்சு. அடுத்து நோயாளிங்களுக்கு. அதுக்கு அந்த மருந்துல புது சரக்கு செய்யணும். மே முப்பத்தொண்ணுக்குள்ள சரக்கு வரலன்னா ப்ராஜெக்ட் மூடல்னு மேல சொல்லிட்டாங்க. அன்னைக்கு தேதி இருபத்தாறு.

சரக்கு ஏன் வரலன்னா, அது கெட்டியாகல. ஜீடிமெட்லால இருந்த பழைய லேப்ல ராத்திரி வச்சிட்டுப் போனா காலைல கல்கண்டு மாதிரி வெள்ளையா உறைஞ்சு நிக்கும். ஏப்ரல்ல ஷாமிர்பேட்டைக்கு அந்தாண்ட புது லேபுக்கு வந்தோம். அதே மருந்து, அதே அளவு, அதே கை. ஆனா வெல்லப்பாகு மாதிரி கொழகொழன்னு நின்னுச்சு. பாகா இருந்தா சுத்தம் பண்ண முடியாது, மாத்திரையும் போட முடியாது.

இதுல ஒரு விஷயம் இருக்கு, பல பேர் நம்ப மாட்டாங்க. சில மருந்து உறையணும்னா ஏற்கனவே உறைஞ்ச துணுக்கு ஒண்ணு உள்ள விழணும். விதைன்னுதான் அதுக்கு பேரு. பழைய லேப்ல வருஷக்கணக்கா அதே சரக்கு செஞ்சதால காத்துல, டேபிள்ல, நம்ம சட்டையில கூட கண்ணுக்குத் தெரியாத தூசியா இருந்திருக்கும். புது லேப்ல எல்லாமே புதுசு. கொண்டு வந்த சாமானயும் ஆசிட்ல போட்டு தேய்க்கச் சொன்னது மேடம்தான். விதைக்குன்னு எடுத்து வச்சிருந்த ஒரே பாட்டிலும் வேன்ல ஏறி, ஏப்ரல் வெயில்ல நாலு மணி நேரம் நின்னு, உருகிப் பாகாப் போச்சு.

மூணு வாரமா ஐஸ்ல வச்சாங்க. கண்ணாடிக் குச்சியால சுரண்டினாங்க. நாகபூஷணம்னு இன்னொரு கெமிஸ்ட், "மேடம், இத நான் ஊறுகாய் ஜாடில ஊத்தி தோசைக்கு தொட்டுக்கறேன்"னான். யாரும் சிரிக்கல.

அந்த எரிச்சல்லதான் மேடம் லாக்கர் சோதனை போட்டு, இந்த மஞ்சள் குடுவைய புடிச்சாங்க. சண்டை சத்தம் கேட்டு நான் உள்ள போனேன்.

"எந்த முட்டாள் லேப் குடுவைக்கு பொட்டு வச்சது?"ன்னு மேடம் கத்திட்டிருந்தாங்க.

ராஜவ்வா இடுப்புல கைய வச்சிக்கிட்டு, "சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்கதான்."

"நானா?"

"ஏழு வருஷம் முன்னாடி, தசரா ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மொத தடவ இந்தக் குடுவைலதான் வெள்ளையா வந்துச்சு. நீங்க லேப் பூரா குதிச்சீங்க. இதோ நிக்கற அண்ணனுக்கும் ஞாபகம் இருக்கும். மறுநாள் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கறப்ப இதுக்கும் வச்சு, 'ராஜவ்வா, இத கழுவிடாத'ன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் கழுவல. வேன்ல குப்பையோட குப்பையா எப்படி ஏத்தறது? சாமி பொருள். ஜில்லுன்னு இருந்த மோர் பாட்டிலோட பைல வச்சு மடியில வச்சுக்கிட்டு பஸ்ல வந்தேன்."

எனக்கு ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு மேடம் எல்லாருக்கும் சகினாலு முறுக்கு வாங்கிக் குடுத்தாங்க.

மேடம் குடுவைய வாங்கி ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சாங்க. உள்ளங்கைல அடங்கற சின்னக் குடுவை. வெளிய பூரா மஞ்சள். மூடி இறுக்கமா இருந்துச்சு. உள்ள, கழுத்துக்குக் கீழ, நகத்தால கீறின அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. வேற ஒண்ணுமில்ல.

"ராஜவ்வா, வெளிப்பக்கத்த மட்டும் ஈரத்துணியால தொடைக்கலாமா?"

மேடம் கேட்டாங்க, உத்தரவு போடல. ராஜவ்வா யோசிச்சு, "பொட்ட விட்டுட்டு தொடைங்க"ன்னாங்க.

தொடைச்சு, மூடிய தொறந்து, மெல்லிசான கம்பிய உள்ள விட்டு அந்தக் கோட்ட தொட்டாங்க. கம்பி நுனில ஏதாச்சும் ஒட்டுச்சான்னு எனக்குத் தெரியல, என் கண்ணுக்கு காலியாத்தான் இருந்துச்சு. அத மூணு வாரமா சண்டித்தனம் பண்ணிட்டிருந்த பாகுல முக்கினாங்க.

நான் வாட்ச பாத்தேன், பழக்கதோஷம். பன்னெண்டு இருபது.

ஒண்ணும் நடக்கல. நாகபூஷணம் வாயத் தொறந்தான், மேடம் கை காட்டினாங்க, மூடிக்கிட்டான்.

கம்பி தொட்ட எடத்துல ஒரு வெள்ளைப் புள்ளி. அதுலேர்ந்து முள்ளு முள்ளா கிளம்புச்சு. ஒரு முள்ளுலேர்ந்து பத்து, பத்துலேர்ந்து... எண்ண முடியல. விசிறி விரியற மாதிரி விரிஞ்சு, பாகுக்குள்ள ஓடி, கண்ணாடிய தொட்டு, திரும்பி, மேல ஏறி. எந்தப் பக்கம் திரும்பி நிக்கறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்த கூட்டத்துக்கு ஒரே ஒருத்தன் நின்னு காட்டின மாதிரி. சத்தமே இல்ல. நாலு நிமிஷத்துல பாகு இருந்த குடுவை பூரா வெள்ளை.

"தொட்டுப் பாருங்க"ன்னு மேடம் என் கைய புடிச்சு குடுவை மேல வச்சாங்க. சூடா இருந்துச்சு! உறையறப்ப சூடு வரும், படிச்சவங்களுக்கு தெரியும், நானும் ரெக்கார்டுல நூறு தடவ எழுதிருக்கேன். ஆனா கைல பட்டது அன்னைக்குத்தான். கோழிக்குஞ்ச கைல வச்சிருந்தா இருக்குமே, அந்த மாதிரி. ஏழு வருஷமா தூங்கின ஒரு தூசி, தான் எப்படி நிக்கணும்னு மறக்காம இருந்திருக்கு.

ராஜவ்வா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. மேடம் அவங்க கைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டாங்க, கண்ணு நெறஞ்சிடுச்சு.

"அழாதீங்க மேடம். ஆனா கழுவ மட்டும் மாட்டேன்"னாங்க ராஜவ்வா. அப்பத்தான் எல்லாரும் சிரிச்சோம்.

அந்த வெள்ளையத் திரும்பத் திரும்ப சுத்தம் பண்ணி, சோதிச்சு, அதுலேர்ந்து விதை எடுத்து, முப்பதாம் தேதி சரக்கு கைல. எல்லா டெஸ்ட்டும் பாஸ். இப்ப உட்னூர்ல நோயாளிங்களுக்குக் குடுத்துட்டிருக்காங்க. குணமாகுமா ஆகாதான்னு இன்னும் தெரியாது, நான் பொய் சொல்ல மாட்டேன்.

என் பிரச்சனை வேற. ரெக்கார்டுல 'விதை எங்கிருந்து வந்தது, பாதுகாத்தவர் யார்'னு ஒரு கட்டம் இருக்கு. நான் 'பழைய லேப், முதல் குடுவை'ன்னு எழுதிட்டு பேர் எழுதற எடத்த காலியா விட்டிருக்கேன். மேடம் "ராஜவ்வா பேர எழுதுங்க, பொட்டு வச்சதையும் எழுதுங்க, அதான் உண்மை"ன்னு சொல்றாங்க. ஆடிட்ல பாத்தா, அனுமதியில்லாம லாக்கர்ல வச்சதுக்கு ராஜவ்வா வேலைக்கே ஆபத்து வரும்னு நாகபூஷணம் சொல்றான். ராஜவ்வாவ கேட்டா, "உங்க இஷ்டம் அண்ணா, நான் என்ன செஞ்சேன்"ங்கறாங்க.

வெள்ளிக்கிழமை நான் கையெழுத்து போட்டு ஃபைல மூடணும். இந்த மாதிரி வேலை பாக்கறவங்க, பாக்காதவங்க, யாரா இருந்தாலும் சரி, கீழ எழுதுங்க: அந்தக் கட்டத்துல நான் பேர எழுதட்டுமா, வேணாமா?