ஆறிப்போன சூப்

"தேர்வை மறுபடி வைங்க சார்."

வேலையில் சேர்ந்த அன்றே அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முதலாளியிடம் சம்பளம் கேள், லீவு கேள், 'மறுபடி செய்யுங்கள்' என்று மட்டும் கேட்காதே. முதலில் செய்தது தப்பு என்று சொன்னதாகிவிடும் என்று. வீட்டின் முதல் பட்டதாரியான இங்கிலீஷ் டீச்சர் கேட்டே விட்டாள்.

ஆங்கிலப் பயிற்சி மையத்து முதலாளி டையைத் தளர்த்திக்கொண்டார். ஹோட்டல் வேலைக்குப் போகவிருந்த பெண்கள் அத்தனை பேரையும் வாய்மொழித் தேர்வில் ஃபெயிலாக்கியிருந்தார் மனுஷர். உணவகத்தில் சூப் ஆறிப்போயிருக்கிறது, ஆங்கிலத்தில் குறை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் தேர்வு. ஆனால் பரிமாறுபவராக நடித்தது சாரேதான். எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? ஒருத்தி 'வெரி டேஸ்டி சார்' என்றாள். இன்னொருத்தி இல்லாத சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, இல்லாத கிண்ணத்தைக் கழுவ எழுந்தாள்.

"அதுகளுக்கு இங்கிலீஷ் வரல" என்றார்.

"இங்கிலீஷ் வருது சார். சாப்பாடு போட்டவங்க மூஞ்சிக்கு நேரா குறை சொல்லத்தான் வரல."

அந்த நேரம் பார்த்து, மாடியில் குடியிருக்கும் அவருடைய மாமியார் டீயோடு வந்தார். கட்டடமே அந்த அம்மாளுடையது. அவர் போடும் டீயை ஊழியர்கள் நைசாக ஜன்னலோரச் செடிக்கு ஊற்றுவார்கள். இரண்டு செடி ஏற்கெனவே போய்ச் சேர்ந்தன. முதலாளி ஒரு வாய் குடித்தார். கண் கலங்கியது.

"எப்படி இருக்கு மாப்ளே?"

"பிரமாதம் அத்தை."

கப்பு மறுபடி நிரம்பியது. மாமியார் படியேறும் வரை அவள் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"நீங்களும் ஃபெயில் சார். உங்களுக்குத் தமிழே வரல."

முதலாளிக்குக் காது மடல் சிவந்தது. மார்க் மார்க்தான், வேலை வேண்டுமென்றால் வாயை மூடிக்கொண்டு இரு என்று குதித்தார்.

பக்கத்து வகுப்பிலிருந்து அதே பெண்கள் ஆங்கிலத்தில் சண்டை போடும் சத்தம் கிளம்பியது. பஸ்ஸில் கைக்குட்டை போட்டுப் பிடித்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தால் என்ன நடக்குமோ, அது. இலக்கணம் அங்கங்கே நொண்டியது. ஒருத்தி வாயும் ஓயவில்லை.

"யாரு உள்ள?"

"ஹோட்டல் மேனேஜர் மேடம். காலைலயே போன் போட்டு வரச் சொல்லிட்டேன். சூப்புக்குப் பதிலா பஸ் சீட்டுச் சண்டை குடுத்திருக்கேன். மார்க்க அவங்களே போட்டுக்கட்டும்."

"அந்த வகுப்புக் கதவத் தாண்டினா உனக்கு வேலை இல்ல, தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் சார் போன் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் கதவைத் தாண்டினாள்.