கம்பில் கட்டிய வெள்ளை

“அப்ப, துணி உங்கட எண்டு சொல்றீங்க.”

“ஓம் அக்கா. என்ட துவாய்தான். ட்ரோன் இறங்குற இடத்துக்கு அடையாளமாக் கட்டின.”

“கம்பு?”

அப்ஹாம் விழித்தான். கம்பைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

காத்தான்குடியில், துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த அவனுடைய கல்யாண வீடியோக் கடையைத் தேடி தன்னாமுனையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள் கண்ணகை. கையில் மகள் தக்ஷாயினியின் போன். அதில் அப்ஹாம் முந்தாநாள் போட்ட படம். சேற்றில் வேர் பரப்பிய கண்ணா மரங்கள் நெருக்கியடித்து நிற்க, வாவி அவற்றின் நடுவே நுழைந்து வட்டமாகப் படுத்திருந்தது. வானத்து மேகம் அந்தத் தண்ணீருக்குள் இறங்கி, திரும்பிப் போக வழி தெரியாமல் நின்றுவிட்டது போல இருந்தது. கரையில் ஊன்றிய ஒரு கம்பு. நுனியில் வெள்ளைத் துணி. ‘யாருக்கும் தெரியாத இடம்’ என்று மேலே எழுதியிருந்தான்.

“யாருக்கும் தெரியாதாம்!” என்று சிரித்தான் பக்கத்துக் கதிரையிலிருந்த கூட்டாளி நௌஷாட். “வாற மாசம் அங்க கொத்து ரொட்டிக் கடை வந்திரும், பாருங்க.”

கண்ணகை சிரிக்கவில்லை.

“என்ட மனிசன் மீனுக்குப் போனா அதிலதான் மனே கரையேறுவாரு. ஏறினதும் தோணிக் கம்ப ஊண்டி, வெள்ளைச் சட்டையக் கழட்டி நுனியில கட்டுவாரு. இஞ்சால கரையில நிண்டு மர இடுக்கால அந்த வெள்ளையக் கண்டாத்தான் நான் அடுப்புப் பத்த வைக்கிற. கடைசியாப் போன அண்டு வெள்ளையக் காணல்ல. மறுகா தோணி மட்டும் வந்திச்சு. கம்பில்லாம.”

சண்டைக் காலம் அது. தக்ஷாயினி தவழ்ந்துகொண்டிருந்தாள். இன்று அந்தத் தக்ஷாயினிதான் தாயைக் கெஞ்சிக் கெஞ்சி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தகப்பன் அழகரத்தினத்துக்கு, இறந்தவர்களுக்குப் படைக்கும் அமுதைக் கொடுத்து, அவர் செத்துப்போனார் என்று ஊரறிய ஒப்புக்கொள்வதாக இருந்தது. அதற்குள் இந்தப் படம்.

“துணி உங்கடதெண்டாச் சரி. நான் போய்ப் பொட்ட அழிச்சிட்டு அமுதக் குடுக்கிறன். கம்பு எப்பிடி அங்க வந்த? அதச் சொல்லுங்க.”

“அங்கதான் கிடந்திச்சு. சேத்துக்குள்ள பாதி புதைஞ்சு. நான் இழுத்தெடுத்து ஊண்டின.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “அப்ப கரையேறித்தான் இரிக்காரு.”

தன்னாமுனையில் ஒரு கல்யாணத்தைப் படம் பிடிக்கும்போதுதான், வாவிக்கு அப்பால் அந்த வட்டத் தண்ணீரை ட்ரோன் முதலில் காட்டியது. மறுவாரம் வாடகைத் தோணியில் போனார்கள். முழங்காலளவு சேறு என்று நௌஷாட் தோணியிலேயே இருந்துகொண்டான். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. அடையாளமில்லாமல் ட்ரோனை இறக்க முடியாது. அதனால்தான் துவாய். காற்று இழுத்த அவசரத்தில் சும்மா ஒரு முடிச்சுப் போட்டான். ட்ரோன் தண்ணீருக்கு மேலே போனபோது, திரையின் மூலையில் வெள்ளை ஒருமுறை இல்லாமற்போய்த் திரும்ப வந்தது. காற்றென்று நினைத்தான். படமெடுத்து முடித்து அவிழ்க்கப் போனால், முடிச்சு இறுகி நகத்துக்கும் பல்லுக்கும் மசியவில்லை. கம்பைச் சுற்றிய இடத்தில் கத்தியால் அறுத்து, முடிச்சோடு துவாயைப் பைக்குள் திணித்தான். நௌஷாட்டிடம்கூட இதைச் சொல்லவில்லை.

இப்போது அதை எடுத்து மேசையில் வைத்தான். “பாருங்க அக்கா, கீழ்க் கடையில வாங்கின. என்டதான்.”

கண்ணகை துவாயைப் பார்க்கவில்லை. முடிச்சைப் பார்த்தாள். விரலால் தடவினாள். பெருவிரலால் ஓரிடத்தை அமுக்கி ஒரு நுனியை இழுத்தாள். முடிச்சு ஓசையில்லாமல் கழன்று வந்தது.

“இது வலைக்காரன்ட முடிச்சு. உங்களுக்கு ஆரு பழக்கின?”

“எனக்குச் சப்பாத்து நாடாவே ஒழுங்காக் கட்டத் தெரியா, அக்கா.” அவன் நௌஷாட்டைப் பார்த்தான்.

“என்ன ஏண்டா பாக்காய்?” நௌஷாட்டின் குரலில் சிரிப்பு இல்லை. “நான் தோணிய விட்டு இறங்கவே இல்ல.”

கண்ணகை அறுபட்ட துவாயை மடியில் போட்டு, மடிப்புக் குலையாமல் மெதுவாக மடித்தாள். அழவில்லை. நெற்றிப் பொட்டு வியர்வையில் ஒரு பக்கம் கரைந்திருந்தது.

“கம்பு இன்னும் நிக்கிதா?”

“நிக்கிது. அப்பிடியே விட்டுட்டு வந்த.”

அவள் துவாயை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தி ஒருக்காப் போங்க மனே. இதக் கம்பு நுனியில சும்மா கொழுவி விடுங்க. முடிச்சுப் போடாதீங்க. பின்னால கிறுகிப் பாக்காம வந்திருங்க. காத்துக்கு விழுந்தா விழட்டும், நான் அமுதக் குடுக்கிறன். அந்திக்கும் வெள்ளை நிண்டா… அமுது வேணாம். நான் இஞ்சால கரையில நிண்டு பாத்திட்டிருப்பன். கட்டாம, சும்மா கொழுவி விட்டா மட்டும் போதும். செய்வீங்களா மனே?”