இரண்டு ஊர் வயது

மாரித்தாய்க்குத் தென்காசியில் பதினெட்டு வயது நடந்தபோது குற்றாலத்தில் ஒன்பதுதான் ஆகியிருந்தது. குற்றம் சொன்னால் ஊர்க்கூட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டில் அவள் தகப்பன் சொரிமுத்துவும் தாய் மாடத்தியும் கல்யாணத்தைத் தீர்த்துக்கொண்டபோது பிள்ளைக்கு ஐந்து வயது. தகப்பன் வாரிசு தகப்பனுக்கே என்றது ஒரு கட்சி. பெண்பிள்ளை வயதுக்கு வந்து சமைகிறவரை தாயோடு இருக்கட்டும் என்றது இன்னொன்று. பெற்றவள் நல்லநாள் பெரியநாளுக்கு வந்து எட்டிப்பார்த்தால் போதாதா என்றும் ஒரு புண்ணியவான் கேட்டான். நாட்டாண்மை மந்திரமூர்த்தி குளத்துத் தண்ணீருக்கு முறை வைத்தே காலம் தள்ளியவர். பிள்ளைக்கும் முறை வைத்துவிட்டார். சாரல் மூன்று மாதம் குற்றாலத்தில் தாயிடம், மிச்சம் தென்காசியில் தகப்பனிடம்.

தண்ணீர் பாய்ந்த வயல்தானே விளையும்? எந்த ஊரில் இருந்தாளோ அந்த ஊருக்கான வயதுதான் பிள்ளைக்கு ஏறியது. தென்காசியில் கணுக்காலுக்கு மேல் நின்ற பாவாடை, வில்வண்டி இலஞ்சியைத் தாண்டியதும் காலைத் தட்டிவிடும். அருவிக்கு வருகிறவர்களிடம் எண்ணெய் விற்றுப் பிழைத்த மாடத்திக்கு முதலில் சந்தோஷம்தான். பிள்ளை பிள்ளையாகவே இருப்பது யாருக்குக் கசக்கும்? போகப்போகத்தான் உறைத்தது. மகள் சமைந்துவிட்டாள் என்று மாசியில் சேதி வந்தது. ஆனியில் வந்து இறங்கியவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. பிறகொரு தையில் பட்டாளத்துக்காரனுக்குக் கட்டிக்கொடுத்ததும் காதால் கேட்டதோடு சரி. வளர்ந்த மகளின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று பெற்ற வயிறு அடித்துக்கொண்டது. ஆனால் தீர்த்த அன்றே, இந்த ஊர் மண்ணை மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணி, தென்காசி மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தவள் அவள்.

மாப்பிள்ளை சண்டைக்குப் போய்விட்டான். மகளுக்கு நிறைமாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். வண்டிக்காரன் பலவேசம் வெறும் வண்டியோடு குற்றாலம் வந்தான்.

"யக்கா, இங்கன கொண்டாந்தா அவ சின்னப்பிள்ளையால்லா ஆயிருவா? வயித்துல கெடக்கது என்னாவும்? நீதான் வரணும். அம்மா அம்மான்னு அழுதா."

"சத்தியமாவது சாம்பலாவது! வண்டியத் திருப்புலே," என்றாள் மாடத்தி.

இலஞ்சி தாண்டியதும் அவள் நரை கறுத்தது. தென்காசியில் அவளுக்கு வயதே ஏறவில்லை. ஊரை விட்டுப் போன இருபத்துமூன்றிலேயே நின்றிருந்தது. வாசலில் இருந்த சொரிமுத்து, பல் போன கிழவர், பார்த்துவிட்டு எழுந்து வழிவிட்டார். உள்ளே அவளைவிட உயரமான ஒருத்தி நோவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, நீதானாட்டி?"

"அம்மா," என்று தோளில் சாய்ந்தாள் மகள்.

"யாரு, அக்காளா?" என்றாள் மருத்துவச்சி.

"எங்கம்மா."

"யாரா இருந்தா என்ன, முதுகப் பிடி."

பெண்பிள்ளை பிறந்தது. மாடத்தி திரும்பிப் போகவில்லை. அதே தெருவில் வீடு எடுத்துத் தங்கினாள். தாயும் மகளும் அக்காள் தங்கையாகச் சேர்ந்தே வயதானார்கள், தெருவும் பழகிவிட்டது. குற்றாலத்துக்கு மட்டும் இருவரும் போவதே இல்லை. சாரல் காற்று இறங்கும் நாட்களில், அங்கே ஒன்பதிலேயே நின்றுபோனவளை நினைத்து மாடத்தி அழுவாள். "நான் இங்கனதானம்மா இருக்கேன்," என்று மாரித்தாய் சோறு போடுவாள்.